வீட்டுக் கணினிக்கு எந்த மதில்?

வீட்டுக்கு ஒரு கணினி வாங்கியாயிற்று என்றால் அதனோடு செலவு தீர்ந்தது என்று குடும்பஸ்தர் எவரும் எண்ணிவிட வேண்டாம். அது வந்து சேர்ந்த முப்பதாம் நாளிலோ அறுபதாம் நாளிலோ திரையின் மூலையில் ஒரு சிறு கட்டம் எழுந்து, "உங்கள் கணினிக்குப் பாதுகாப்பு இல்லை, உடனே சந்தா செலுத்துங்கள்" என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்தத் தொடங்கும். கடைவீதியில் விசாரித்தாலோ, ஒருவர் ஒரு சரக்கை எடுத்துக் காட்டுவார். அடுத்த கடைக்காரர் அதற்கு இரு மடங்கு விலையுள்ள சரக்கே சரக்கு என்பார். மூன்றாமவர், "இதெல்லாம் வீண். அந்தத் தடுப்பை அணைத்துப் போட்டால் கணினி வேகமாக ஓடும்" என்று உபதேசம் செய்வார். மூவர் சொல்லையும் கேட்டு முடித்த மனிதனுக்கு மிஞ்சுவது தலைவலி ஒன்றே.

பள்ளிக்கூடத்துக்கு வரும் பெற்றோர்கள், பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இப்போதெல்லாம் நம்மிடம் அடுத்தபடியாகக் கேட்பதும் இதைத்தான். "ஸார், ஃபயர்வால் என்கிறார்களே, அதில் எது நல்லது? எதை வாங்கிப் போடலாம்?" கேள்வி நியாயமானது. பிள்ளையின் பாடக் குறிப்பு, கல்யாணப் புகைப்படங்கள், பாங்குக் கணக்கு, நிலப் பட்டாவின் நகல், வீட்டு வரி ரசீது யாவும் இன்று அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. பீரோவுக்கு நல்ல பூட்டாகத் தேடுகிறவர் இதற்கும் ஒரு பூட்டுத் தேடுவதில் வியப்பில்லை.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாதாரணக் குடும்பம் இதற்காகத் தனியே பணம் செலவிட வேண்டியதில்லை. வேண்டிய மதில், ஒன்றுக்கு இரண்டாக, பெரும்பாலும் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அது எழுந்து நிற்கிறதா, அதன் வாயில்களை யார் திறக்கிறார்கள் என்பவையே பார்க்க வேண்டிய விஷயங்கள். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நேயர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஆகையால் காரணங்களைச் சற்று விரித்துச் சொல்லுவோம்.

ஃபயர்வால் என்பதைத் தமிழில் தீச்சுவர் என்றும் தீயரண் என்றும் வழங்குகிறார்கள். அந்தப் பெயர் கட்டட வேலையிலிருந்து வந்தது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கட்டடங்களில் ஒன்று பற்றிக்கொண்டால், நெருப்பு மற்றதற்குத் தாவாதபடி இடையில் எழுப்பும் கனத்த சுவருக்கு மேல்நாட்டார் இட்ட பெயர் அது. அந்தச் சுவர் நெருப்பை அணைக்காது. தாவாமல் மறிக்கும், அவ்வளவே. வீட்டுக்குள்ளேயே விளக்குக் கவிழ்ந்து திரைச்சீலை பற்றிக்கொண்டால் சுவர் என்ன செய்ய முடியும்? கணினியின் தீச்சுவருக்கும் இதே பெருமைதான், இதே குறைதான்.

இனி அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். இணையத்தில் எந்தச் செய்தியும் முழு உருவமாகச் செல்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்லுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புகிறவர் முகவரி, பெறுகிறவர் முகவரி, எந்த வாயிலில் சேர்ப்பிக்க வேண்டும் என்னும் எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். இந்த வாயில் எண்ணுக்குத்தான் 'போர்ட்' என்று பெயர். 65,535 வரையில் இந்த எண்கள் செல்லும். அவற்றுள் சிலவற்றுக்கு நிலையான வேலை வகுக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்பான வலைப்பக்கங்களுக்கு உரியது 443. விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வாயில் 445. தூரத்தில் இருந்தபடியே ஒரு விண்டோஸ் கணினியைக் கையாள ஏற்பட்டது 3389.

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இது விளங்காத சங்கதியன்று. முதலாம் ராஜேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் நிறுவிய அந்தத் தலைநகரத்துக்கு உள்மதில், வெளிமதில் என இரண்டு இருந்தன. வெளிமதில் சுட்ட செங்கல்லால் இரட்டைச் சுவராக எழுப்பப்பட்டு, நடுவில் மணல் நிரப்பப் பெற்றது என்றும், ஆறு முதல் எட்டடி வரை அகலம் உடையது என்றும் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்வெட்டு அதை ராஜேந்திர சோழன் மதில் என்று குறிக்கிறது. கிழக்கே திருவாசல், தெற்கே வேம்புகுடி வாசல். வேம்புகுடி என்னும் ஊருக்குச் செல்லும் வழி ஆதலால் அந்தப் பெயர். வாயிலின் பெயரைச் சொன்னவுடனே அதன் வழியே போக்குவரத்து எங்கே என்பது தெரிந்துவிடும். கணினியின் வாயில் எண்ணும் அத்தகைய ஒரு பெயர்தான்.

நல்ல வாயிற்காவலனுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். வருகிறவனை நிறுத்தி, யார், எங்கே என்று விசாரிப்பது ஒன்று. சற்று முன் உள்ளிருந்து ஒரு வேலையாக வெளியே சென்ற ஆளை நினைவில் வைத்து, அவன் வேலை முடித்துத் திரும்பும்போது தடை செய்யாமல் விடுவது மற்றொன்று. இன்றைய தீச்சுவர்கள் இரண்டையும் செய்கின்றன. நாம் ஒரு பத்திரிகையின் பக்கத்தைக் கேட்டு அனுப்பினால், கேட்டதைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. அதற்குரிய விடை வந்தால் உள்ளே விடுகின்றன. கேளாமலே வந்து கதவைத் தட்டுவது எதுவானாலும் வாசலோடு திருப்பி அனுப்புகின்றன. கேட்டது வரலாம், கேளாதது வரக்கூடாது என்பதே வீட்டுத் தீச்சுவரின் சட்டம்.

இப்படி ஒரு காவல் எதற்காக ஏற்பட்டது? ஆதியில் இணையம் என்பது சில சர்வகலாசாலைகளும் ஆராய்ச்சிச் சாலைகளும் சேர்ந்த சிறு அக்கிரகாரம் போல் இருந்தது. ஒருவரையொருவர் அறிவார்கள், கதவைச் சார்த்துவாரில்லை. 1988 நவம்பர் 2ஆம் தேதி, அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலை மாணவர் ராபர்ட் மோரிஸ் என்பவர் ஒரு சிறு நிரலை அந்தக் கம்பிகளில் விட்டார். அது தன்னைத் தானே பிரதி செய்துகொண்டு கணினிக்குக் கணினி தாவியது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் மூச்சுவிட முடியாமல் நின்றுபோயின. அதன் பிறகுதான் உலகத்தார் கதவுகளைப் பற்றிச் சிந்திக்கலாயினர். 1990களின் முற்பகுதியில் தீச்சுவர் என்பது கடையில் விற்கும் பண்டமாகவே ஆயிற்று. ஆனால் அப்போது அதை வாங்கியவை பெரிய கம்பெனிகளே. வீட்டுக் கணினிக்கு அது தேவை என்று எவரும் கருதவில்லை.

வீடுகளுக்குப் பாடம் வந்தது 2003 ஆகஸ்டில். பிளாஸ்டர் என்னும் புழு நிரல் ஒன்று கிளம்பியது. அந்தப் புழுவைக் கணினிக்குள் கொண்டுவர யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. யாதொரு கடிதத்தையும் தொட வேண்டியதில்லை. கணினியை இணையத்தில் இணைத்துவிட்டுச் சும்மா இருந்தாலே போதும். 135ஆம் வாயில் வழியாக அது தானே வந்து புகுந்தது. "இன்னும் 60 விநாடியில் கணினி நின்றுவிடும்" என்று திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றும்; எண் குறையும்; கணினி அணையும். மறுபடி ஏற்றினால் மறுபடி அதே கதைதான்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்தப் பலவீனத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோஸாஃப்ட் கம்பெனி அதற்கு முந்தைய ஜூலை மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளத்தான் பலருக்குத் தோன்றவில்லை. இரண்டாவது இன்னும் விசித்திரமானது. அந்த நாளைய விண்டோஸ் எக்ஸ்பியின் உள்ளேயே ஒரு தீச்சுவர் இருந்தது! 2001இல் அது விற்பனைக்கு வந்தபோதே சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அணைத்து வைத்துக் கொடுத்தார்கள். மதிலுக்கு வேண்டிய கல்லும் சுண்ணாம்பும் வாசலில் இறக்கியாயிற்று. சுவரைத்தான் யாரும் எழுப்பவில்லை. ஓராண்டு கழித்து, 2004 ஆகஸ்டில் வெளிவந்த திருத்தத் தொகுப்பில்தான் தீச்சுவரைத் தாமே இயக்கி வைத்துக் கொடுத்தார்கள். அன்று முதல் விண்டோஸ் கணினிகள் மதில் எழுந்த நிலையிலேயே கைக்கு வருகின்றன.

அத்தோடு கதை முடிந்துவிடவில்லை. 2017 மே 12ஆம் தேதி வன்னாகிரை என்ற நிரல் கிளம்பியது. அது மேலே சொன்ன 445ஆம் வாயிலைத் தேடிப் பிடித்துப் புகுந்தது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கப்பம் கட்டு என்றது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நம் அண்டை மாகாணமாகிய ஆந்திரத்தில் போலீஸ் இலாகாவின் கணினிகள் சிலவும் அதில் அகப்பட்டன. இதற்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. அடைத்து வைக்க வேண்டிய வாயிலைத் திறந்து வைத்தவர்களும், திருத்தத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திப் போட்டவர்களுமே அன்று பெரிதும் நஷ்டமடைந்தார்கள்.

ஆக, எந்தக் கம்பெனியின் மதில் உயர்ந்தது என்பதை விட, இருக்கும் மதில் நிற்கிறதா என்பதே முதல் விசாரணையாக வேண்டும். இந்த விசாரணைக்கு நம் ஊர்ப்பெயர்களே வழிகாட்டும். கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றிலும் உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர் என்று கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. பழைய தலைநகரின் காவல் ஏற்பாட்டை அந்தப் பெயர்கள் நினைவூட்டுகின்றன. வெளியே ஒரு மதில், உள்ளே ஒரு கோட்டை, அதற்கும் உள்ளே அரசன் உடலைக் காக்கும் மெய்க்காவலர். வீட்டுக் கணினிக்கும் இம்மூன்றே போதும்.

வெளிமதில், இணையச் சேவை தரும் கம்பெனியார் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் சிறு பெட்டி. ரௌட்டர் என்றும், மோடம் என்றும், வைஃபை பெட்டி என்றும் வீட்டுக்கு வீடு ஒரு பெயர் வழங்குகிறது. பச்சை விளக்கு மினுக்கும் அந்தப் பெட்டி இணையம் கொண்டுவருவதற்கு மட்டும் ஏற்பட்டதென்று பலர் நினைக்கிறார்கள். வீட்டிலுள்ள நாலைந்து கருவிகளுக்கும் வெளியுலகில் ஒரே முகவரியைக் காட்டி, உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுத்து, கேளாமல் வருவதைத் திருப்பியனுப்பும் வேலையையும் அதுவே செய்கிறது. ஐபிவி6 என்னும் புதிய முகவரி முறையில் மட்டும் ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலகு அறியும் முகவரி ஏற்பட்டுவிடும். ஆதலால், இந்தப் பெட்டியிலேயே தீச்சுவர் என்னும் பகுதி இயங்குகிறதா என்று பெட்டி மாட்ட வருகிற ஆளிடமே கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தப் பெட்டிக்கும் ஒரு சாவி உண்டு. அதன் நிர்வாகக் கடவுச்சொல். பல வீடுகளில் அது கம்பெனியார் வைத்துவிட்டுப் போன 'அட்மின்' என்ற சொல்லாகவே வருஷக்கணக்கில் இருந்துவருகிறது. ஊரிலுள்ள பூட்டுக்கெல்லாம் ஒரே சாவி என்றால் அது பூட்டாகுமா? 2016இல் மிராய் என்னும் நிரல், கண்காணிப்புக் காமிராக்களிலும் இப்படிப்பட்ட பெட்டிகளிலும் கம்பெனி வைத்த கடவுச்சொற்கள் சுமார் 60ஐ ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளை வசப்படுத்திக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அத்தகைய கருவிகள் ஒன்றுகூடித் தாக்கியதில் அமெரிக்காவில் பெரிய பெரிய வலைத்தளங்கள் முடங்கின. தங்கள் வீட்டுக் காமிரா அந்தப் படையில் சேர்ந்திருந்தது உடையவர்களுக்கே தெரியாது. பெட்டியில் யூபிஎன்பி என்று ஒரு வசதியும் இருக்கும். வீட்டுக்குள்ளிருக்கும் எந்தக் கருவியும் நம்மைக் கேளாமல் வெளிமதிலில் வாசல் திறந்துகொள்ள அது இடங்கொடுக்கும். அவசியமில்லாத வீட்டில் அதை அணைத்து வைப்பதே விவேகம்.

இரண்டாவது உட்கோட்டை. இது கணினிக்குள்ளேயே இருக்கும் தீச்சுவர். வெளிமதில் இருக்க இது எதற்கு என்றால், வெளிமதிலுக்கு உள்ளேயும் எல்லோரும் நம்பத் தக்கவர்கள் அல்லர். விருந்துக்கு வந்த மருமகப்பிள்ளையின் கைப்பேசியிலோ, பையன் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியிலோ நோய் இருக்கலாம். அது வீட்டு வைஃபையில் சேர்ந்துவிட்டால் வெளிமதிலைத் தாண்டியாயிற்று. உட்கோட்டைதான் இனித் தடுக்க வேண்டும்.

விண்டோஸில் அதைப் பார்ப்பது எளிது. விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பகுதியைத் திறந்து, ஃபயர்வால் என்னும் தலைப்பில் மூன்று வரிகளும் இயங்குகின்றனவா என்று பார்த்தால் போதும். ஆப்பிள் கணினியிலும் உபுண்டு லினக்ஸிலும் தீச்சுவர் உள்ளேயே உண்டு. ஆனால் அது பெரும்பாலும் அணைந்த நிலையிலேயே கைக்கு வருகிறது. நாமே சென்று இயக்க வேண்டும். நாம் சேரும் வைஃபை 'பிரைவேட்டா, பப்ளிக்கா' என்று விண்டோஸில் குறித்து வைக்கும் வசதியும் உண்டு. நம் வீடாயின் பிரைவேட். பஸ் ஸ்டாண்டு, ஹோட்டல், கல்லூரி விடுதி, பிறர் வீடு ஆகிய எல்லாம் பப்ளிக். பப்ளிக் என்று சொல்லிவிட்டால் கணினி கோஷா மாதரைப் போல் அயலார் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த இரண்டும் இருக்க, விலைக்கு ஒன்று வாங்க வேண்டுமா? சிலருக்குப் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. விண்டோஸின் தீச்சுவர் வெளியிலிருந்து வருவதைத்தான் கண்டிப்பாக விசாரிக்கும். உள்ளிருந்து வெளியே போவதைச் சாதாரணமாக விட்டுவிடும். வெளியே செல்லும் ஒவ்வொரு நிரலையும் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டுமென்று விரும்புகிறவர்கள், வீட்டிலேயே ஆபீஸ் வைத்து அயலார் கணக்குகளைப் பாதுகாக்கும் ஆடிட்டர்கள் முதலியோர் தனியே ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப்பட்ட தீச்சுவர் நாளைக்கு இருபது முறை "இதை விடலாமா, அதை விடலாமா" என்று கேட்கும். முதல் நாள் வீட்டார் யோசித்து விடை சொல்லுவார்கள். மூன்றாம் நாள் கேள்வியைப் படிப்பார்கள். பத்தாம் நாள் படிக்காமலே "விடு" என்று அழுத்துவார்கள். கேள்வியை யாரும் படிக்காத வீட்டில் காவலன் இருந்தும் இல்லாதவனே.

வாங்கியே தீர வேண்டுமென்றால் மூன்று விஷயங்களைக் கவனிக்க. ஒரு கணினியில் ஒரே காலத்தில் ஒரு தீச்சுவரே வேலை செய்யட்டும். இரண்டு காவலர் ஒரு வாசலில் நின்றால் ஒருவர் விட்டதை மற்றவர் மறிப்பார். சண்டையில் வேலை கெடும். அடுத்து, அதைச் செய்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுக. இலவசம் என்று எங்கோ தொங்கும் பிரதியை எடுக்க வேண்டாம். மூன்றாவது, சந்தா முடிந்த மறுநாள் வாசலில் யார் நிற்பார் என்று பாருங்கள். புதிய கணினியோடு சில மாதத்துக்கு மாதிரியாக வரும் பாதுகாப்பு நிரல்கள் விண்டோஸின் காவலனை விலக்கிவிட்டுத் தாம் நிற்பதுண்டு. சந்தா கட்ட விருப்பமில்லையானால் அந்த மாதிரியை முறைப்படி நீக்கிவிட்டு, விண்டோஸின் தீச்சுவர் திரும்ப வந்து நிற்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும். முதலில் சொன்ன சிவப்பு எழுத்துப் பயமுறுத்தலுக்குத் தக்க விடை பெரும்பாலும் இதுவே.

இனிக் கடைவீதியின் மூன்றாமவர் உபதேசத்துக்கு வருவோம். தடுப்பை அணைத்துவிடு என்றாரே, அந்த உபதேசத்துக்கு. கங்கைகொண்ட சோழீசுவரர் கோயிலுக்குச் சுற்றிலும் ஒரு பெரிய கல்மதில் இருந்தது. அதன் பெரும்பகுதி இன்று இல்லை. பகைவர் படையெடுத்து வந்து இடித்தார்களோ என்று யாத்ரிகர் பலரும் கேட்பதுண்டு. அதன் கற்கள் போனது, 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது. அணைக்குக் கல் வேண்டியிருந்தது, பக்கத்தில் செதுக்கிய கல் தயாராய் நின்றது, பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணை நல்ல காரியந்தான். எத்தனையோ வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. ஆனால் மதில் போனது போனதுதான். போர் செய்து யாரும் அதை விழ வைக்கவில்லை. வேறொரு வேலைக்குச் சௌகரியமாயிருந்தது என்றே விழுந்தது.

வீட்டுக் கணினியின் மதிலும் பெரும்பாலும் இவ்வாறே விழுகிறது. பையன் ஒரு விளையாட்டை நிறுவுகிறான், அது தீச்சுவரை அணைக்கச் சொல்லுகிறது, அணைக்கிறான், திரும்ப இயக்க மறந்துபோகிறான். அச்சு இயந்திரம் வேலை செய்யவில்லை என்று பழுது பார்க்க வந்தவர், எது தடுக்கிறது என்று தேடச் சோம்பி, முழுச் சுவரையும் இறக்கிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறார். விலை கொடாமல் விண்டோஸைத் திறந்துவிடும் கள்ளச் சாவி நிரல்களோ முதல் வேலையாகவே காவல் அனைத்தையும் நிறுத்தச் சொல்லுகின்றன. காவலனைத் தூங்க வைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்லுகிறவன் என்ன கொண்டுவருவான் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. எந்த நிரலாவது தீச்சுவரை முழுதும் அணைத்தால்தான் வேலை செய்வேன் என்றால், அந்த நிரலுக்கு மட்டும் வழிவிடும் ஏற்பாடு தீச்சுவரிலேயே இருக்கிறது. அதற்கும் ஒப்பாத நிரல் நம் வீட்டுக்கு வேண்டாம்.

மூன்றாவது மெய்க்காவல். அது வீட்டு மனிதரின் ஜாக்கிரதை. இதற்குப் பிரதியாக எந்தக் கடையிலும் எதுவும் கிடையாது. தீச்சுவரின் சட்டத்தை மேலே சொன்னோம்: கேட்டது வரலாம். இன்றைய திருடர்கள் அந்தச் சட்டத்தை நன்கு படித்தவர்கள். ஆதலால் அவர்கள் சுவரை இடிக்க முயல்வதில்லை. நம்மையே கேட்க வைக்கிறார்கள். பாங்கிலிருந்து பேசுகிறேன், மின்சார இலாகாவிலிருந்து பேசுகிறேன் என்று தொலைபேசியில் ஒரு குரல் வரும். எனிடெஸ்க் போன்ற ஒரு செயலியை நிறுவச் சொல்லும். அதில் தோன்றும் எண்ணைக் கேட்கும். சொல்லிவிட்டால் நம் திரை அவர் கையில். அந்தச் செயலி திருட்டுச் சரக்கன்று. தூரத்திலிருந்து உதவி செய்வதற்கென்றே ஏற்பட்ட யோக்கியமான கருவி. அதை நாமே நிறுவினோம். அது உள்ளிருந்து வெளியே பேசுகிறது. தீச்சுவர் மரியாதையாக வழிவிடுகிறது. இவ்வகை மோசடி பற்றி ரிஸர்வ் பாங்கு 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய மதிலானாலும் இங்கே உதவாது. பென்ஷன் பணத்தை அதில் வைத்திருக்கும் தாத்தாவுக்கு, "எண்ணைச் சொல்லாதீர்கள், குரல் வந்தால் வைத்துவிடுங்கள்" என்று பேரன் பத்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதே காவல்.

மதிலையும் மனிதரையும் கடந்து தீங்கு உள்ளே வந்துவிட்டால்? அதற்கும் பழைய நகரம் கண்ட உபாயந்தான்: உயிரான பொருளை வேறொரு சுவருக்குள் வைப்பது. 2019இல் நம் தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் கிடைத்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீய நிரல் புகுந்திருப்பதாக, இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவினர் அந்த ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி தெரிவித்தார்கள். அக்டோபர் 30ஆம் தேதி அணுமின் கழகமே அதை ஒப்புக்கொண்டது. நோய் கண்ட கணினி இணையத்தோடு சேர்ந்த நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தது என்றும், முக்கிய உள்வலையமைப்பு அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்தது என்றும், நிலையத்தின் ஏற்பாடுகள் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் தெரிவித்தது. அவ்வளவு பெரிய ஸ்தாபனத்திலும் வெளிவாசலைத் தாண்டி நோய் வரக்கூடும் என்பது ஒரு பாடம். பிரித்து வைத்தது பயன்பட்டது என்பது மற்றொரு பாடம்.

வீட்டில் இதைச் செய்வது பிரமாதமன்று. குடும்பப் படங்களையும் பத்திர நகல்களையும் ஒரு தனி வன்தட்டில் பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றிப் பீரோவில் வைக்க வேண்டும். கழற்றுவதில்தான் சூட்சுமம், செருகியபடியே விட்டால் கப்பக்காரன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். விருந்தினர்க்கும் காமிராக்களுக்கும் வைஃபை பெட்டியில் 'கெஸ்ட்' என்று ஒரு தனி வழி பெரும்பாலும் உண்டு. அதைத் திறந்து கொடுத்தால், அவர்கள் திண்ணையோடு நிற்பார்கள், கூடத்துக்குள் வரமாட்டார்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோஸாஃப்ட் கம்பெனி அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. தனியே பதிவு செய்துகொள்ளாத கணினிகளுக்குத் திருத்தங்கள் வருவதில்லை. அப்படிப்பட்ட பழைய கணினி வீட்டில் இருந்தால், தீச்சுவர் வாங்கக் கருதும் பணத்தை அதைப் புதுப்பிப்பதிலோ, இலவசமாய்க் கிடைக்கும் லினக்ஸுக்கு மாற்றுவதிலோ செலவிடுவது உத்தமம். 2003லும் 2017லும் நடந்தவற்றைப் படித்தவர்களுக்கு இதன் காரணத்தை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

இவையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடியும் காரியங்கள். வைஃபை பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றுக. கணினியின் தீச்சுவர் இயங்குகிறதா என்று பார்க்க. நிலுவையிலுள்ள திருத்தங்களைப் போடுக. ஒரு பிரதி எடுத்துக் கழற்றி வைக்க. செலவு, வன்தட்டின் விலை மட்டுமே. ஆனால் இந்தக் காரியங்களை வீட்டில் ஒருவர் மாத்திரம் தெரிந்து வைத்துக்கொண்டால் போதாது. பல குடும்பங்களில் கல்லூரி வாசிக்கும் மகனுக்கோ மகளுக்கோதான் எல்லாம் தெரியும். பிள்ளை உத்தியோகம் கிடைத்துச் சென்னைக்குப் புறப்பட்டால் கடவுச்சொல்லும் கூடவே ரயில் ஏறிவிடுகிறது. புதிய கடவுச்சொல்லை வீட்டுக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். கடலுக்கு அப்பாலிருக்கும் திருடன் நம் பீரோவைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

அதே பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதுங்கள்: 1930. கணினி வழியிலோ கைப்பேசி வழியிலோ பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய அரசாங்க உதவி எண் அது. எவ்வளவு விரைவில் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க இடமுண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்த ஆண்டு 1930 என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்தால் எண்ணும் மறக்காது, சரித்திரமும் மறக்காது.